வேட்டியில் பட்டுத் திரும்பிய ஒளி

சென்ற பொங்கல் விழாவில் நம் மன்றத்தார் ஒரு குறும்படம் திரையிட்டார்கள். பார்த்த நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பார்க்காதவர்கள் நல்லூழ் உடையவர்கள். அதற்கு ஒளிப்பதிவு செய்த பெருமை அடியேனுடையது. பதினொரு நிமிடப் படத்தில் ஏறத்தாழ ஏழு நிமிடம் இருட்டு. விளக்குப் போட்டதும் ஒரு நண்பர் என் தோளைத் தட்டி, "பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. படிக்கிறாய், ஒரு முகத்துக்கு வெளிச்சம் போடத் தெரியவில்லையே!" என்றார். அந்த ஒரு கேள்வி என்னைப் பத்து மாதம் தூங்கவிடவில்லை. கண்டதை எழுது என்று இதழாசிரியர் கேட்டதால் எழுதுகிறேன். கையில் காசில்லாமல் படமெடுக்க நினைக்கும் தோழர்களுக்கு இது பயன்படக்கூடும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கதை எளியது. ஊரிலிருந்து மகனைக் காண வரும் தாய், முனிர்க்காவில் அவன் குடியிருக்கும் பத்துக்குப் பத்து அறையில் ஒருநாள் தங்கிவிட்டுப் போகிறாள். தாயாக நடித்தவர் வரலாற்றுத் துறையில் ஆராய்ச்சி செய்யும் அக்கா ஒருவர். அறைச் சுவர் வெள்ளை. இரண்டு பெரிய விளக்குகளை வாடகைக்கு எடுத்து வந்தோம்; நாள் ஒன்றுக்கு இரண்டாயிரத்தைந்நூறு ரூபாய்; மன்றத்தின் கருவூலம் அத்தோடு துடைக்கப்பட்டது. விளக்குகளை அறையின் ஒரு மூலையில் நிறுத்தி, நேரே முகத்தின்மேல் அடித்து, கைப்பேசியை முக்காலியில் ஏற்றிப் படம் பிடித்தேன். விளைவு என்ன? சுவர் புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த கோயில் மதிலாக மின்னிற்று. அதன்மேல் அக்காவின் நிழல்கள் இரண்டு பேய்போல் நின்றன. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வெள்ளைப் புள்ளிகள். மற்றபடி முகமே இல்லை.

"கொஞ்சம் பவுடர் போட்டுக்கொள்ளுங்களேன், அக்கா" என்று எங்களில் ஒருவன் சொன்னான். "நாற்று நட்டுவிட்டு ரயிலேறி வந்தவள் முகத்தில் பவுடர் எங்கிருந்துடா வரும்?" என்று அவர் மறுத்துவிட்டார். நியாயந்தான். படம் முடிந்ததும் மன்னார்குடிப் பக்கத்திலிருக்கும் தம் தாயாருக்கு அதை அனுப்பியிருக்கிறார். அந்த அம்மா பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "இதிலே நீ எங்கேடி இருக்கே? குரல்தான் கேக்குது." அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிக் காரணத்தைப் பார்ப்போம். காமிராவின் ஒளிமானி ஒரு பழைய வழக்கத்தில் வளர்ந்தது. தன் முன்னுள்ள காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது பட்ட ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பும் நிறம், என்று அது எண்ணிக்கொள்ளும். வெள்ளைச் சுவரோ ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பிவிடுகிறது. "ஐயோ, வெளிச்சம் மிகுந்துவிட்டது!" என்று காமிரா தன் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறது. சுவர் அளவுக்கு வரும். அதற்கு முன்னால் நிற்கும் கறுத்த முகம் கரியாகும். இந்நாளையக் கைப்பேசிகள் முகத்தைத் தேடிப் பிடித்துக் கணக்கிடப் பார்க்கின்றன என்பது உண்மை. ஆயினும் பளிச்சென்ற சுவருக்கு முன் அந்தக் கெட்டிக்காரத்தனம் அடிக்கடி தோற்றுப்போவதை நானே கண்டேன். பிறகு கணினியில் போட்டு முகத்தை வெளுக்கச் செய்தால், ரவையைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாய் எழும்புகிறது. இல்லாத ஒளியைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்?

குற்றத்தின் வேர் தெரிந்தது. மருந்தைத் தேடும்போதுதான் சுப்ரதா மித்ராவின் பெயர் எனக்கு அறிமுகமாயிற்று. சத்யஜித் ராயை அறியாதார் இலர். அவருடைய முதற் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்த மித்ராவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1930 அக்டோபரில் பிறந்தவர். கல்கத்தாவில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்தை எடுத்தபோது, வேலை கேட்டுக் கிடைக்காமல், வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி பெற்றார். வேடிக்கை பார்த்தவர் சும்மா இருக்கவில்லை. எந்த விளக்கு எங்கே நின்றது, நடிகர் எங்கே நின்றார், காமிரா எங்கே என்று நாள்தோறும் படம் வரைந்து குறித்துக்கொண்டார். முந்தைய நாளின் ஒளியமைப்பைச் சரிபார்க்க, ஒளிப்பதிவாளர் கிளாட் ரெனுவாரே இந்தப் பையனின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார் என்பார்கள்.

1952 அக்டோபர் 27-ஆம் நாள் 'பதேர் பாஞ்சாலி' படப்பிடிப்புத் தொடங்கிற்று. அதற்கு முன் மித்ரா சினிமாக் காமிராவை இயக்கியதே இல்லை. வயது இருபத்திரண்டு, என்னைவிட ஒன்று குறைவு. பணம் கொடுக்க ஆளில்லை. ராய் தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தையும் மனைவியின் நகைகளையும் அடகு வைத்தார். படப்பிடிப்பு பலமுறை நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தால் முடிந்து, 1955-இல் வெளிவந்தது. இந்த வரலாறு பலரும் அறிந்ததே. நான் சொல்ல வந்தது அடுத்த படத்தைப் பற்றி.

1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ'வில் காசி நகரத்து வீடு ஒன்று வருகிறது. நான்கு பக்கமும் உயர்ந்த சுவர், நடுவே முற்றம், வானம் ஒன்றே விளக்கு. நம் ஊர்த் தொட்டிக்கட்டு வீட்டில் பிற்பகலில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒளி தெரியும். நேரே வெயில் விழாது, நிழலும் விழாது, ஆனாலும் எல்லாம் தெரியும். மழைக்காலம் நெருங்கியதால், உண்மை வீட்டில் எடுக்காமல், கல்கத்தா ஸ்டூடியோவில் அரங்கம் கட்டுவதென்று முடிவாயிற்று. மித்ரா ராயிடமும் கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவிடமும் வாதாடினார். ஸ்டூடியோ விளக்குகளால் அந்த ஒளியைக் கொண்டுவரவே முடியாது, பொய் பளிச்சென்று தெரிந்துவிடும் என்றார். வாதத்தில் தோற்றார். தோற்ற பிறகு செய்ததுதான் அருமை. அரங்கத்தின் தலைக்கு மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்மேல் அடிக்காமல், கீழிருந்து துணியை நோக்கி அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி முற்றத்தில் இறங்கிற்று. ஸ்டூடியோவுக்குள் ஒரு செயற்கை வானம்!

1961-இல் வந்த பெர்க்மனின் படத்துக்கு ஸ்வென் நிக்விஸ்ட் இதையொத்த முறையைக் கையாண்டதைப் பற்றி மேனாட்டுப் பத்திரிகைகள் வியந்து எழுதியபோது, கல்கத்தாவில் அது பழகிப்போன கைவேலையாகியிருந்தது. மித்ராவுக்கும் நம் தில்லிக்கும் தொடர்பு உண்டு என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 1963-இல் வந்த 'தி ஹவுஸ்ஹோல்டர்' இந்நகரில் எடுக்கப்பட்டது, ஒளிப்பதிவு அவருடையது. 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காகத் தேசிய விருதும் பெற்றார். 2001 டிசம்பரில் மறைந்தார்.

துணியில் பட்டுத் திரும்பினால் ஒளிக்கு என்ன நேர்கிறது? இங்கேதான் என் பாடம் எனக்கு உதவிற்று. ஒளி கடுமையாக இருப்பதும் மென்மையாக இருப்பதும் அதன் வலிமையைப் பொறுத்ததன்று; பொருளிலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. சூரியனின் குறுக்களவு ஏறத்தாழ பதினான்கு இலட்சம் கிலோமீட்டர். ஆனால் நமக்குத் தெரிவது அரைப் பாகை. நீட்டிய கையின் சுண்டுவிரல் நகம் அதை மறைத்துவிடும். ஆகவே வெயிலின் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் விழுகிறது. அதே சூரியனை மேகம் மறைத்தால் வானம் முழுவதுமே விளக்காகிறது, நிழல் கரைந்துபோகிறது. ஒரு பக்கத்து ஒளியை மூக்கு தடுத்தால் மறுபக்கத்து ஒளி வந்து அந்தப் பள்ளத்தை நிரப்பிவிடுகிறது.

இப்போது ஓர் எட்டு முழ வேட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாக மடித்தால் ஏறத்தாழ ஆறடிக்கு நாலடி. அதை முகத்துக்கு ஆறடி தொலைவில் கட்டினால், நீளவாக்கில் ஐம்பத்து மூன்று பாகை அகலம் தெரியும். சூரியனைவிட நூறு மடங்கு அகலமான விளக்கு, நூறு ரூபாய் பல்பில் கிடைத்துவிட்டது! மடிப்பது ஏன் என்றால், ஒற்றைத் துணியில் பாதி ஒளி மறுபக்கம் ஒழுகிப்போகும். இரட்டையானால் திரும்புவது மிகும். ஒழுகும் ஒற்றை வேட்டியும் வீணன்று. சன்னலில் நேர்வெயில் அடிக்கும்போது அதைத் திரைபோல் தொங்கவிட்டால், சன்னல் முழுவதும் மெல்லிய விளக்காகிவிடும். தமிழ்ப் படப்பிடிப்புகளில் லைட்மேன்கள் தூக்கிப் பிடிக்கும் தெர்மோகோல் பலகையும் இந்த வேலையைத்தான் செய்கிறது. வேட்டியை மடித்துப் பையில் வைக்கலாம்; மெட்ரோவில் கொண்டுபோகலாம்; படப்பிடிப்பு முடிந்ததும் கட்டிக்கொள்ளலாம்.

ஒரு குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. பட்டுத் திரும்பும் ஒளி பெரிதும் குன்றிவிடும். அந்நாளைய பிலிமின் உணர்திறன் குறைவு. ஆகவே மித்ரா நிறைய விளக்குகளை எரிக்க வேண்டியிருந்தது. நம் கையிலுள்ள கைப்பேசியின் கண் அதைவிடப் பலமடங்கு கூர்மையானது. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்புகள் நான்கு, ஒரு பலகை, நான்கு ஹோல்டர். எங்கள் அறைக்கு இவையே போதுமானவையாக இருந்தன.

அடுத்து முகத்தின் நிறம். இதைச் சற்று விரிவாகச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. கலர் பிலிம் உலகெங்கும் பரவிய காலத்தில், அச்சிடும் கடைகளுக்கு கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படம் அனுப்பிவந்தது. 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று பொருள். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் அவள் தோலே அளவுகோல். அந்த அளவுகோலில் நம் அக்காக்களும் அம்மாக்களும் எங்கே நிற்பார்கள்? முகத்தை மாற்று, பவுடரை அப்பு என்பதே பழக்கமாகிவிட்டது. பழி போடுவது எளிது; நானும் அதே அளவுகோலைத்தான் கண்ணில் மாட்டிக்கொண்டு விளக்கை நேரே அடித்தேன்.

கறுத்த தோல் ஒளியைத் திருப்பும் விதம் வேறு. தோலுக்குள் நுழைந்து சிதறித் திரும்பும் ஒளி குறைவு. ஆகவே மேற்பரப்பில் பட்டு மின்னும் ஒளிக்கு அங்கே மதிப்பு மிகுதி. சிறிய விளக்கைக் காட்டினால் அந்த மினுக்கம் ஒரு வெள்ளைப் புள்ளியாகும். பெரிய வெள்ளைத் துணியைப் பக்கவாட்டில் காட்டினால், அதே மினுக்கம் கன்னத்தின் மேட்டிலும் தாடையின் வளைவிலும் நீண்டு படர்ந்து, முகத்துக்கு உருவம் கொடுக்கும். பவுடர் அந்த மினுக்கத்தைக் கொன்றுவிடுகிறது, முகம் தட்டையாகிறது. ஆகவே நாங்கள் செய்தது நேர்மாறு. அக்கா கன்னத்தில் ஒரு துளி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டார். தில்லிக் குளிருக்கு எப்படியும் அது தேவைதான்.

நம் தமிழ்த் திரையில் இதற்கு முன்னோடி யார் என்று கேட்டால் பாலு மகேந்திராவைச் சொல்வேன். மட்டக்களப்பு அருகே பிறந்து, புனேயில் ஒளிப்பதிவு பயின்றவர். 1977-இல் வந்த 'கோகிலா'வுக்கும் 1982-இல் வந்த 'மூன்றாம் பிறை'க்கும் ஒளிப்பதிவில் தேசிய விருது பெற்றவர். 1988-இல் வந்த 'வீடு' படத்தை எல்லோரும் ஒருமுறை பார்க்கவேண்டும். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. அர்ச்சனாவின் மாநிறமும், முதியவர் சொக்கலிங்க பாகவதரின் சுருக்கம் விழுந்த முகமும், சன்னலோரத்து ஒளியிலே அரிதாரம் தோன்றாமல் தெரிகின்றன. அப்படத்துக்காக அர்ச்சனா சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். அண்மைக் காலத்தில் 'காக்கா முட்டை'யை இயக்கிய மணிகண்டனும் தம் படத்துக்குத் தாமே ஒளிப்பதிவாளர். அச்சிறுவர்களின் முகங்களை நினைத்துப் பாருங்கள்.

இனிச் சில கைமுறைகள். விளக்கின் தொலைவு இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகும் என்று பள்ளியில் உருப்போட்டோமே, அது வெறும் தேர்வுச் சரக்கன்று. என் பழைய படத்தில் விளக்குகள் எட்டடி தள்ளி நின்றன. முகத்துக்குப் பின்னால் இரண்டடியில் சுவர். முகத்துக்குக் கிடைத்த ஒளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுவருக்கும் கிடைத்தது. இம்முறை துணியை இரண்டடிக்குக் கொண்டுவந்து, அக்காவைச் சுவரைவிட்டு நாலடி முன்னே உட்காரவைத்தோம். கணக்குப்படி சுவருக்குக் கிடைப்பது முகத்துக்குக் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்கு. (பெரிய துணிக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது; சற்றுக் கூடுதலாகவே சுவருக்குப் போகும். எதிர்ச்சொல் எழுப்பும் பௌதிகத் தோழர்கள் மன்னிக்க.) வெள்ளைச் சுவர் அடங்கிச் சாம்பலாயிற்று, முகம் முன்னே வந்தது. காசு செலவில்லை, நாற்காலியை நகர்த்தியதுதான் செலவு.

நிறங்களைக் கலக்காதீர்கள். மஞ்சள் பல்பின் ஒளி ஏறத்தாழ 2,700 கெல்வின், வெள்ளைக் குழல்விளக்கு 6,500 வரை போகும், பகல் 5,500. அறையில் மூன்றும் எரிந்தால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம். ஏதேனும் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைத்துவிடுங்கள். சுவரின் நிறமும் ஒளியில் ஏறும். முனிர்க்காவில் இன்னோர் அறையில் பச்சைச் சுவரில் ஒளியை அடித்துத் திருப்பிப் பார்த்தோம். அக்கா, கடலிலிருந்து எடுத்து வந்தவர்போல் தோன்றினார்.

மற்றொன்று, படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடும் நோய். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. மலிவான பல்பு நொடிக்கு நூறுமுறை மங்கி மினுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, காமிராவுக்குத் தெரியும். காமிரா ஒவ்வொரு படத்துக்கும் தன் கண்ணைத் திறந்துவைக்கும் நேரம் நொடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் முழு மினுக்கங்கள் மட்டுமே உள்ளே வரும், பட்டை மறையும். பல கைப்பேசிகள் அறுபதில் ஒன்றைத் தாமே வைத்துக்கொள்கின்றன. நொடிக்கு 25 படம் என்று மாற்றி, ஒளியளவையும் நிறத்தையும் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

வெளியே எடுப்பவர்களுக்கு தில்லி ஒரு வரம். சென்னையில் டிசம்பர் நண்பகலிலும் சூரியன் ஐம்பத்து மூன்று பாகைக்கு மேல் ஏறிவிடும். ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டிலும் நேர் உச்சிக்கே வந்து, கண்குழிகளில் மை அப்பிவிடும். கடகரேகைக்கு வடக்கே இருக்கும் தில்லியில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. டிசம்பர் 22-ஆம் நாள் நண்பகலில் வெறும் முப்பத்தெட்டுப் பாகை. பகல் முழுவதும் ஒளி சாய்ந்தே வந்து முகத்தைத் தொடுகிறது. மேலும் குளிர்காலத்துப் பனியும் புகையும் வெயிலைச் சிதறடித்து, ஊருக்கே ஒரு வேட்டி கட்டிவிடுகின்றன. நுரையீரலைக் கெடுக்கும் காற்று காமிராவுக்கு உதவுகிறது என்று எழுதக் கை கூசுகிறது; இருப்பினும் உண்மை அதுதான். இருமலை மட்டும் ஒலிப்பதிவிலிருந்து நீக்கவேண்டியிருக்கும்.

புதிய படம் பாதி முடிந்திருக்கிறது. இதுவரை செலவு ஆயிரத்து நூற்று எண்பது ரூபாய். அதில் தேநீருக்கே நானூறு. சென்ற வாரம் ஒரு நிமிடக் காட்சியை அக்கா ஊருக்கு அனுப்பினார். தாய், மகனின் அழுக்குச் சட்டையை முகர்ந்து பார்க்கும் காட்சி அது. அரைமணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. அறையில் இருந்த எல்லோரும் கேட்கும்படி அக்கா ஒலியைக் கூட்டினார். "ஏண்டி, அங்கே சாப்பிடுறியா இல்லியா? கன்னமெல்லாம் இப்படி ஒட்டிக் கெடக்கே!" என்றார் அந்த அம்மா. அக்கா பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தார்.

எஞ்சிய காட்சிகளை வரும் ஞாயிறன்று காலை ஒன்பது மணிக்கு எடுக்கிறோம். உதவ விரும்பும் தோழர்கள் வரலாம். எட்டு முழ வெள்ளை வேட்டி இரண்டு தேவை. வண்ணக் கரை வேட்டி மட்டும் வேண்டா. காரணம் அரசியலன்று, பச்சைச் சுவரோடு நாங்கள் பட்ட பாடு போதும்.